மார்லிஸ் ஏறும் உயரம்

அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் ஆர்லோ. நூறு பவுண்டு கூடுதலாக இருந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்புவார், சொந்த மச்சான் ஓட்டி வந்தாலும் சரி. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஓய்வு பெற்றதும் என்ன செய்தார்? பிக்கப் வண்டியின் முதுகில் தூக்கி வைக்கிற கேம்பரை, கட்டிலும் அடுப்புமாக இருக்கும் அந்தக் குட்டி வீட்டை, முதலில் வாங்கிவிட்டு, அதைச் சுமக்கிற வண்டியை அப்புறம் தேடினார். அந்தப் பக்கத்து ஆண்கள் எல்லோரும் செய்கிற தப்புதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் மனைவி மார்லிஸ். நாற்பது வருஷமாகக் கடல் பார்க்க ஆசைப்பட்டவள், இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கறாராகச் சொல்லிவிட்டாள்.

"உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி என்னை வண்டியில தூக்கி வெக்கறதா இருந்தா, நீ மட்டும் போயிட்டு வா ஆர்லோ."

மூவருமாக வண்டி விற்கிற கடைக்குப் போனார்கள். மூன்றாவது ஆள் வெர்ன், கூப்பிடாமலே வருகிற சிநேகிதன். விற்பனைக்காரப் பையன் பளபளவென்று ஒரு வண்டியைக் காட்டினான்.

"சார், இது பதினெட்டாயிரம் பவுண்டு இழுக்கும்!"

"இழுக்கறது யாருக்குய்யா வேணும்? முதுகுல சுமக்கணும்."

ஆர்லோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கதவு நிலையில் ஒட்டியிருந்த எடைச் சீட்டைப் படித்தார். கேம்பர், தண்ணீர், கேஸ், இரண்டு உடம்பு, எல்லாம் கணக்குக்குள் வந்தது. ஆனால் ஏறும் படி மார்லிஸின் முழங்காலுக்கு மேலே இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூலையில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகும். அதனாலேயே தாழ்வு, அதனாலேயே நானூறு பவுண்டு அதிகம் தாங்கும். அந்தப் பனிக்காட்டில் நாலு சக்கரத்துக்கும் விசை போகாத பிக்கப் வைத்திருப்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆர்லோவே எத்தனையோ பேரைக் கிண்டலடித்து அழ வைத்தவர்.

வெர்ன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், பனி விழுந்தா யாருடா வந்து தள்ளுவா?"

"பனி விழுறப்ப நான் இங்க இருந்தாத்தானடா?"

அதற்குள் மார்லிஸ் அந்த வெள்ளை வண்டியின் கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை வைத்து, எம்பி, உட்கார்ந்துவிட்டாள். கதவையும் அவளே சாத்திக்கொண்டாள். தாங்கிப் பிடிக்க நீட்டிய இரண்டு கையோடும் ஆர்லோ அப்படியே நின்றார்.

அவள் கதவுக் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன பாத்துட்டு நிக்கற? போய்க் கையெழுத்தைப் போட்டுட்டு வா. நான் இறங்க மாட்டேன்."