ததேயுஸ் பார்த்த விண்கப்பல் படம்

எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில் ததேயுசிடம் அடி வாங்காத ஆள் குறைவு. மீன் ஏலக்காரனை அடித்திருக்கிறார், சொந்த மச்சினனை அடித்திருக்கிறார், ஒருமுறை ஊர்க் கூட்டத்தில் என்னையும் அடித்தார். என் முன்பல் ஒன்று அன்றைக்குப் போனதுதான். ஆனாலும் புயலில் படகு ஓட்ட அவரைப் போல இன்னொருத்தன் இந்தக் கரையில் இல்லை, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சஜினை மட்டும் அவர் தொட்டதில்லை. சஜினின் அண்ணன் ராயப்பன் ஒக்கிப் புயலில் கடலோடு போனவன், ததேயுசின் உயிர்க்கூட்டாளி. அன்றைக்கு எஞ்சின் நின்றுபோன ராயப்பனின் வள்ளத்தைத் தன் விசைப்படகின் பின்னால் கட்டி இழுத்து வந்தவர் ததேயுஸ்தான். கடலில் அப்படிக் கட்டிவிட்டால் கரை சேரும்வரை விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வழியில் கயிறு அறுந்துவிட்டது என்று கரையில் சொன்னார், படகில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஊர் நம்பியது. சஜினும் நம்பி, அவர் படகிலேயே வேலைக்குச் சேர்ந்தான். கயிறு தானாக அறுந்ததல்ல, அவர் கத்தியால் அறுத்தது. சஜினுக்குத் தெரிந்தால் தன் முகத்திலேயே விழிக்கமாட்டான் என்ற பயத்தில் மனுஷன் அத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறார்.

சஜினுக்கு விண்கப்பல் படங்கள் என்றால் பைத்தியம். முப்பது வருஷத்துக்கு முன் வந்த மூன்று இங்கிலீஷ் படங்களையும் செல்போனிலேயே மனப்பாடம் செய்தவன். அதே கதையைப் புது நடிகர்களை வைத்து முதலிலிருந்து எடுத்து, தமிழ் பேசவைத்து நாகர்கோவிலில் போட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடந்தது. ஒரே நிறச் சட்டை போட்ட பன்னிரண்டு பயல்களோடு ததேயுசையும் என்னையும் காலைக் காட்சிக்கு இழுத்துப் போனான். பழைய படங்களில் ஒன்றைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

“இது என்னடே கப்பலு? மாசக்கணக்கா ஓடுது, அடுப்பு எங்க? ஒருத்தனுக்காவது தாடி வளந்துருக்கா?” என்றார் ததேயுஸ்.

“படத்தப் பாருங்கண்ணே.”

ஏதோ ஒரு பூதம் கப்பலுக்குள் புகுந்து கைகால்களைப் பிய்த்து எறிந்தது. பயல்கள் துள்ளினார்கள். ததேயுஸ் கொட்டாவி விட்டார். பிறகு ஒருவன் கப்பலுக்கு வெளியே கயிற்றில் தொங்கினான். பூதம் அவனைப் பிடித்துக் கப்பலையே இழுத்தது. அங்கே என்ன வசனம் வரும் என்று பயல்களுக்கு முன்பே தெரியும். எல்லாரும் எழுந்து நின்று, தொங்கியவனோடு சேர்ந்து, “அறு! அறு!” என்று கத்தினார்கள். சஜின் விசில் அடித்தான்.

ததேயுஸ் அவன் செவிட்டில் ஓர் அறை விட்டார். விசிலோடு சேர்ந்து ரத்தமும் தெறித்தது. இரண்டு பயல்கள் அவர்மேல் பாய்ந்தார்கள், ஒருவனின் மூக்கு உடைந்தது, ஒரு நாற்காலி பெயர்ந்தது. விளக்கைப் போட்டு எங்களை வெளியே தள்ளினார்கள்.

“எதுக்குண்ணே அடிச்சீங்க?” சஜின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டான். “அறுக்கலன்னா கப்பல்ல எல்லாவனும் சாவான்லா?”

“அறுத்தது செரிதான். தொங்குகவன் அறுன்னு சொல்லமாட்டான். படம் பச்சப் பொய்யி.”

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

ததேயுஸ் திரும்பி நடக்கப்பார்த்தார். சஜினின் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

“கயறு தானா பொட்டிச்சுன்னுதான சொன்னீங்க?”

“படகுல ஆறு பேரு கெடந்தானுவ மக்கா. வள்ளம் தண்ணி நெறஞ்சு எங்களையும் அமுக்கிச்சு.”

சஜினின் முதல் குத்து அவர் வாயில் விழுந்தது. அடுத்தது வயிற்றில். விழுந்தவரை விலாவில் மிதித்தான். விலக்கப்போன எனக்கும் கிடைத்தது. ஊரையே அடித்த மனுஷன் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. “விடுங்கலே, அவன் அடிக்கட்டும்” என்று எங்களைத்தான் அதட்டினார்.

அடித்து ஓய்ந்து, அவர் நெஞ்சின்மேல் உட்கார்ந்து சட்டையைப் பிடித்துக்கொண்டு சஜின் அழுதான்.

“எங்க அண்ணன் என்ன சொன்னான்?”

தியேட்டரே கத்திய அந்த ஒற்றைச் சொல்லை அவர் சொல்லியிருக்கலாம். சஜினும் அதைத்தான் கேட்க ஏங்கினான். சொல்லித் தொலையுமேன் என்று நானும் மனதுக்குள் கெஞ்சினேன். ததேயுஸ் ரத்தத்தைத் துப்பினார்.

“அறுக்காதடேன்னான் மக்கா. மூணு தரம் சொன்னான்.”