பட்டத்துக்காரி அம்சவல்லி

ஜமுனாமரத்தூருக்கு மேலே இருந்த அந்தச் சிற்றூரில் ஊர்நாட்டார் பட்டம் ஒரே குடும்பத்தில்தான் இருந்தது. நாட்டார் முதல் பிடி சாமையைத் தூவாமல் ஊரில் யாரும் விதைக்க மாட்டார்கள். கடைசி நாட்டாருக்கு ஆண் வாரிசு இல்லை. அதனால், அவருடைய ஒரே மகள் அம்சவல்லியைக் கட்டிக்கொண்டு வீட்டோடு வந்த தாண்டவராயனின் தலையில் மாமனாரின் பட்டத்துத் தலைப்பாகை ஏறியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் தாண்டவராயன் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். ஒரே மகள் பூங்காவனத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. காரியம் முடிந்ததும் அவன் தம்பி வீரன் வந்து, அண்ணன் பட்டம் தனக்குத்தான் என்றான். அம்சவல்லி வீரனைக் கட்டிக்கொண்டால் பட்டமும் நிலமும் சிதறாது என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். அதைச் சொல்ல வந்தவர் அவளுடைய பெரியப்பா குப்பன்.

அம்சவல்லி அவருக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அவருக்குப் பட்டம் எங்கருந்து வந்துச்சி பெரியப்பா? என்னைக் கட்டுனதாலதான வந்துச்சி. அதுல அவரு தம்பிக்கு இன்னா பங்கு?"

"பொம்பள தலையில பாகை கட்ட முடியுமாம்மா?"

"பாகையை நீங்களே வெச்சிக்குங்க. வெத தூவ கை போதும்."

குப்பன் கூழைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மழை பெய்தது. முதல் பிடியை யார் தூவுவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். மண்ணில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் அம்சவல்லி விதைக்கூடையோடு நிலத்துக்குப் போனாள். வரப்பில் வீரன் மறித்து நின்றான்.

"நீங்க தூவுனா ஊரு வெதைக்காது அண்ணி."

"வெதைக்காட்டி போவட்டும். வழிய வுடு."

அவனைச் சுற்றிக்கொண்டு நிலத்தில் இறங்கி முதல் பிடியை வீசினாள். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்து நிலத்து ரத்தினம்மாள் மட்டும் முந்தானையில் விதையை அள்ளிக்கொண்டு தன் கொல்லை நிலத்தில் இறங்கினாள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். உச்சிப்பொழுதில் வீரன் மலையிறங்கிப் போய்விட்டான்.

அவளை நாட்டார் என்று யாரும் அழைக்கவில்லை. பாகையைக் காளி கோயிலில் வைத்துப் பூட்டினார்கள். விதைப்புக்கு மட்டும் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

எண்பத்தைந்தில் மகள் பூங்காவனத்துக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன், பாகை எப்போது தன் மகனுக்கு வரும் என்று விசாரித்தான். வெற்றிலைத் தட்டை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள் அம்சவல்லி. அடுத்து வந்தவன் கோபால்சாமி. பட்டம் மனைவியுடையது, தன்னுடையது அல்ல என்று ஊர் நடுவில் அவன் சொன்ன பிறகே பரிசம் போட்டார்கள்.

பந்தியில் குப்பன் தயங்கிக் கேட்டார். "பூங்காவனத்துக்கும் பொண்ணாவே பொறந்துட்டா?"

"பொறக்கட்டும்" என்றாள் அம்சவல்லி.