ஷாக் அப்சார்பருக்கு ஜம்பர் அளவு

என் மகன் எங்கள் ஜீப்பை நாலு இஞ்சு உயர்த்திக்கொண்டு வந்த அன்றோடு எனக்கும் அதற்கும் உள்ள உறவு முறிந்தது. அதுவரை கம்பியைப் பிடித்து ஒரு எவ்வு எவ்வினால் முன் சீட்டில் இருப்பேன். ரப்பர் ஷீட் ஏற்றுவதற்காக என் வீட்டுக்காரர் வாங்கிய வண்டி அது. அவர் காலமான பிறகும் அந்த முன் சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. நான் இருந்தால் மருமகள்கூட பின்னால்தான். அப்படி ஒரு சட்டத்தை நான் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

மகன் கல்ஃபில் குளிர்ந்த ஆபீசில் இருபது வருஷம் இருந்தவன். பாலைவனத்தைக் கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறான். ஊரோடு வந்து சேர்ந்ததும் அவனுக்கு மலையேறும் ஆசை பிடித்தது. வண்டியின் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினான். பன்றிக்குட்டி பருமனுக்கு டயர் போட்டான். முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் யானைத் தும்பிக்கைபோல் ஒரு குழாயை நிறுத்தினான். ஆற்றுக்குள் போனாலும் அதன் வழியாக வண்டி மூச்சுவிடுமாம். தெருவில் மழைத்தண்ணீர் கிடந்தால் மட்டும் சுற்றிப் போவான், பெயிண்டில் சேறு தெறிக்கும் என்று.

“இது ஆஃப் ரோடு வண்டியாக்கும் அம்மா,” என்றான்.

“நம்ம ஊருல ஆஃப் ஆவாத ரோடு எது மக்கா? அதுக்குப் பழைய வண்டி போதாதா?” என்றேன்.

ஆற்றையும் மலையையும் தாண்டப் பிறந்த அந்த வண்டி புதுக்கடைச் சந்தைக்கு மீன் வாங்கவும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போய்வந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை முக்காலி போட்டு என்னை ஏற்றிவிட்டார்கள். சர்ச் வாசலில் முக்காலி இல்லை. கீழே பார்த்தால் கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் இருந்தது. மகன் சுற்றி வந்தான். ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு கையாலும் என்னைத் தூக்கி இறக்கி வைத்தான். நான் என்ன வாழைக்குலையா? சபை முழுவதும் பார்த்தது. என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார், என்னைவிட இரண்டு வயதுதான் இளையவள். வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“மைனி, அடுத்த வாரம் கிரேன் வருமா?”

அன்றைய பிரசங்கம் என்ன என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்: “வண்டி தாழாம நான் அதுல ஏற மாட்டேன். அசனத்துக்கு எனக்க காலால எறங்கணும்.”

அசனம் என்றால் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் பண்டிகைச் சாப்பாடு. அதற்கு ஒரு மாதம் இருந்தது. வேண்டுமானால் ஆட்டோவில் போகலாம். ஆனால் சொந்த வண்டி முற்றத்தில் நிற்க, ஆட்டோவில் போய் இறங்கினால் நாத்தனார் அதற்கும் ஒன்று தயாராக வைத்திருப்பாள்.

அந்த வாரமே வண்டிக்கு சீக்கு வந்தது. குழியில் விழும்போதெல்லாம் அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் வடிந்தது. மார்த்தாண்டத்து ஒர்க்‌ஷாப் மேஸ்திரியை மகன் வீட்டுக்கே அழைத்து வந்தான். அவர் குனிந்து பார்த்தார்.

“வண்டிய ஒசத்துனிய. ஷாக் அப்சார்பர் பழசுதானே? நீளம் பத்தாம இழுபட்டு இழுபட்டுச் செத்துப் போச்சு. நாலையும் மாத்தணும்.”

ஷாக் அப்சார்பர் என்பது சக்கரத்தின் அச்சுக்கும் மேலே உள்ள சட்டத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு குழல். சைக்கிள் பம்புபோல நீளும், சுருங்கும். நானும் குனிந்து பார்த்தேன். பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டியைத் தாங்குகிற கால் இதுதான். குட்டைக் கால் வைத்தால் வண்டி தாழும்.

என் மகனுக்கும் அதே புத்தி, திசை மட்டும் வேறு. நெட்டைக் கால் வைத்தால் வண்டி இன்னும் உயரும்.

அதன்பிறகு வீட்டில் வேறு பேச்சில்லை. அவனுக்குப் போனில் ஒரு கூட்டாளிக் கூட்டம் உண்டு. ஒருத்தனும் மலையேறியவன் இல்லை; ஆனால் எல்லோருக்கும் மலையைப் பற்றிக் கருத்து உண்டு. எண்ணெய்க் குழலா, கேஸ் குழலா என்று ஒரு வாரம் சண்டை போட்டார்கள்.

“கேஸ் உள்ளதுதான் நல்லதாம்,” என்றான்.

“அடுப்புக்குள்ள கேஸ் தீந்து நாலு நாளாச்சு. அத முதல்ல வாங்குங்க,” என்றாள் மருமகள் உள்ளேயிருந்து.

திருகு வைத்ததும் உண்டாம். மெத்தென்று வேண்டுமென்றால் ஒன்றில் வைக்கலாம், பாறைக்கு எட்டில் வைக்கலாம். எங்கள் வீட்டு மின்விசிறியிலும் ஐந்து வரை எண் இருக்கிறது. மூன்றில் வைத்தால்தான் சுற்றும். கடைசியில் சிவப்பு நிறமே சிறந்தது என்று முடிவானது. பின்னால் வருகிறவன் கண்ணில் படுமாம்.

சம்பந்தி வீட்டுச் சீர்போல அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின, நாலு சிவப்பு நெட்டைகள். அளந்து பார்த்தீர்களா என்று மேஸ்திரி கேட்டார். பெரியது எப்போதும் நல்லது என்றான் மகன். மாட்டிய பிறகு வண்டி ஒரு நூல்கூட உயரவில்லை. டேப்பை வைத்து மூன்று தடவை அளந்தான்.

“ஓட ஓட ஒசரும்,” என்றான்.

மறுநாள் மருமகள் மீன்குழம்புச் சட்டியை மடியில் வைத்து, காலியாகக் கிடந்த என் சீட்டில் ஏறி, தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். புதுக்கடை வளைவில் ஒரு வேகத்தடை உண்டு. நெட்டைக் குழல் சுருங்க இடமில்லாமல், கல்லில் கல் மோதியதுபோல் இடித்தது. குழம்பு மேலே போய்க் கீழே வந்தது. வீட்டுக்குத் திரும்பியவளின் காதில் ஒரு சாளைமீன் துண்டு இருந்தது.

“மாமி, இனி நான் ஒங்க கட்சியாக்கும்,” என்றாள்.

ஆகவே என் முறை. ஆட்டோ பிடித்துப் புதுக்கடைக்குப் போனேன். அங்கே உதிரிபாகக் கடை வைத்திருப்பவர் தேங்காப்பட்டணத்துக்காரர், பொறுமைசாலி.

“உள்ளதுல குட்டையான ஷாக் அப்சார்பர் எது மக்களே?”

“எந்த வண்டிக்கும்மா?”

“அது கெடக்கட்டு. குட்டை எது?”

“அம்மா, வண்டி தெரியாம எப்படித் தருவது?”

“வண்டி எனக்குத் தெரியும். நீ குட்டையை எடு.”

மேஸ்திரி என் குட்டைகளைக் கையில் வாங்கி ஒரு பெருமூச்சு விட்டார். “பெரியம்மா, இது...” என்று தொடங்கினார். “போடு மக்கா,” என்றேன். போட்டார். நான் முற்றத்தில் நின்று வண்டி தாழ்வதைப் பார்க்கக் காத்திருந்தேன். அது தாழவில்லை.

“ஓட ஓட தாழும்,” என்றான் மகன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஓடியது. முதல் பெரிய குழியில் சக்கரம் கீழே போக, குட்டைக் குழல் கூடவே போக முடியாமல், சின்னக் கயிற்றில் கட்டின ஆடுபோல் இழுத்தது. போல்ட்டு முறிந்தது.

மறுபடியும் வந்த மேஸ்திரி, வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே பேசினார். முகம் தெரியாததால் அவருக்கும் தைரியம்.

“தாய்க்கும் மகனுக்கும் ஒரே சீக்கு. வண்டியத் தாங்குறது ஸ்பிரிங் பட்டையாக்கும். இந்தக் குழல் ஒசத்தவும் செய்யாது, தாழ்த்தவும் செய்யாது. பட்டை துள்ளும்போ பிடிச்சு அடக்கும், அவ்வளவுதான்.”

“பின்னே நீளத்துக்கு என்ன கணக்கு?” என்றேன்.

“சக்கரம் தொங்கும்போ குழல் எட்டணும். அமுங்கும்போ முட்டப்பிடாது. ரெண்டு அளவும் எடுக்கணும், ரெண்டுலயும் ரெண்டு விரல் மிச்சம் விடணும்.”

“அட சவமே, இது ஜம்பர் அளவுல்லா!” என்றேன். சேலைக்குப் போடுகிற ஜம்பருக்குக் கையைத் தொங்கவிட்டு மட்டும் அளவெடுத்தால், கொண்டை போடக் கையைத் தூக்கும்போது கக்கத்தில் கிழியும். தூக்கி மட்டும் எடுத்தால், இறக்கும்போது மடிந்து தொங்கும். இது தெரியாத பெண்பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. நாங்களோ முற்றத்தில் சும்மா நின்ற வண்டிக்குக்கூட அளவு பார்க்கவில்லை, ஆசைப்பட்டோம், அவ்வளவுதான்.

“ஒரு சக்கரம் மேட்டுல ஏறணும், மத்தது தொங்கணும். அப்படி எடம் உண்டுமா?” என்றார் மேஸ்திரி.

“எனக்க ரப்பர் விளை முழுக்க மேடுதான்.”

“அஞ்சயா, விளைக்கா?” என்றான் மகன். “அஞ்ச வழி சரியில்லையே அம்மா. ரெண்டு பக்கமும் முள்ளுல்லா, பெயிண்டு...”

மேஸ்திரி அந்த டயரைப் பார்த்தார், தும்பிக்கையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மகன் சாவியை எடுத்தான்.

நான் சபதத்தை விடவில்லை, ஆட்டோவில் போனேன். ஒவ்வொரு முள்ளுக்கும் நின்று நின்று ஜீப் ஏறியது. ஆட்டோக்காரர் பின்னால் வந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மூன்றாவது தடவை ஒதுங்கி முன்னால் போய்விட்டார். மலையேறும் வண்டி வந்து சேர்வதற்குள் நான் வெற்றிலை போட்டு முடித்திருந்தேன்.

விளையில் ரப்பர் மரங்கள் அடுக்கடுக்காக வெட்டிய வரப்பில் நிற்கின்றன. இடது முன்சக்கரத்தை ஒரு வரப்பின் மேல் ஏற்றினார்கள். அந்தப் பக்கம் அமுங்கியது, வலப்பக்கம் தொங்கியது. குழல்களைக் கழற்றிவிட்டு மேஸ்திரி டேப் பிடித்தார், மகன் போனில் குறித்தான். எனக்கு எண்ணில் நம்பிக்கை போதாது. வாழைநாரில் அமுங்கின அளவுக்கு ஒரு முடிச்சு, தொங்கின அளவுக்கு ஒரு முடிச்சு. பின்சக்கரத்துக்கு வேறு நார்.

இடப்பக்கத்து வரப்பின் மேல்தான் நான் நின்றேன். நாரைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தால், வண்டியின் கதவு திறந்து கிடக்கிறது, அடித்தட்டு என் காலுக்கு நேரே இருக்கிறது. கால் இளைப்பாற உள்ளே வைத்தேன். இருந்த பிறகுதான் நான் என் சீட்டில் இருப்பது எனக்கே தெரிந்தது.

“பெரியம்மா ஏறியாச்சே!” என்றார் மேஸ்திரி.

“மேட்டுல நிண்ணா ஆருதான் ஏறமாட்டாவ,” என்றான் மகன்.

அவன் சொன்னதை மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் என் நாரை விரித்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு டேப்பை வைத்துப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். மகன் குறித்த எண்ணும் நாரும் ஒத்துப்போயின. அந்த அளவுக்குப் பொருந்தியது சரக்கு ஏற்றும் மினி லாரியின் குழல்தான். கறுப்பு நிறம், திருகு இல்லை. கூட்டாளிகளுக்கு என்ன சொல்வது என்று மகன் வாடிப்போனான். வீட்டுக்கு வந்து நாலுக்கும் தானே சிவப்புப் பெயிண்ட் அடித்தான்.

அசனத்தன்று கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லோடு ஒட்டி வண்டியை நிறுத்தச் சொன்னேன். கல்லில் ஏறினேன், சீட்டில் இருந்தேன். பாயசத் தூக்குவாளி என் மடியில். புதுக்கடை வேகத்தடையில் வண்டி பைய ஏறிப் பைய இறங்கியது. பாயசம் மூடியைக்கூடத் தொடவில்லை.

எங்கள் சர்ச்சின் முகப்பில் மூன்று கல்படி உண்டு. அந்தப் படியோரத்தில், நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் போதகரின் கார் மட்டும்தான் நிற்கும்.

“அஞ்ச, படிகிட்ட கொண்டு ஒட்டி நிறுத்து.”

“அம்மா, அது ஐயருக்க எடம்.”

“ஐயருக்க வண்டி தாழ்ந்த வண்டி. எங்க நிண்ணாலும் எறங்கலாம். நீதானே இத ஒசத்துன?”

நிறுத்தினான். கதவைத் திறந்தேன். மூன்றாவது படி என் காலுக்கு நேரே இருந்தது. யாரும் கை கொடுக்காமல், சேலை மடிப்பு கலையாமல், இறங்கி நின்றேன். நாத்தனார் கீழே தரையில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள். பின்னால் போதகரின் கார் வந்து நின்று மெல்ல ஒரு ஹாரன் அடித்தது.

“மைனி, ஐயரு பொறத்த நிக்காரே!”

“நிக்கட்டு. அவரு தாழ்மைய படிச்சவருல்லா.”

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது நல்ல மழை. அதே படியிலிருந்து நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். நாத்தனார் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“மைனி, எனக்கும் ஒரு எடம் உண்டுமா?”

“ஒனக்கு இல்லாத எடமா? பின்னாடி ஏறு.”

பின்கதவுக்கு நேரே படி கிடையாது. மகன் இறங்கிப் போய், ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு கையாலும் அவளைத் தூக்கி வைத்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன்.