ஆடியில் தோண்டாத கடைக்கால்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஒரகடம் பக்கம் கம்பெனி எதுவும் வரவில்லை. சேரப்பணஞ்சேரியில் எங்களுடையது மண்சுவர் வீடு. கல்வீடு கட்ட அரசாங்கக் கடன் கேட்டு மனு போட்டிருந்தோம். ஆனிக் கடைசியில் சாங்ஷன் ஆனது. ஓவர்சியர் வந்து மனையை அளந்தார்.

"ஒரு மாசத்துல கடைக்கால் தோண்டிக் காட்டணும். இல்லாங்காட்டி கடன் வேற ஆளுக்குப் போயிடும்" என்றார்.

ஆடியில் யார் வீட்டு வேலை தொடங்குவார்கள்? "ஆவணி பொறக்கட்டும் சார்" என்றேன். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் மனைவி அஞ்சலை கடப்பாரையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "போன மழைக்கே செவுரு பொளந்துகினு கீது. ஆடி இன்னா உன்னத் தூக்கிக்கினா பூடும்? தோண்டுயா."

"பொண்டாட்டி பேச்சக் கேட்டு ஆடியில தோண்டுறான்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பல்லு அவங்களுதுதான?"

நான் தோண்டவில்லை. ஆவணி பிறந்ததும் பூசை போட்டு அஸ்திவாரக் குழி தோண்டினேன். அதற்குள் கடன் ரத்தாகியிருந்தது. குழி அப்படியே கிடந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலையில் மாட்டை அவிழ்க்க வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் சுவர் விழுந்தது. அஞ்சலை உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அதே கடப்பாரையால்தான் மண்ணைத் தள்ளினேன். உயிர் இல்லை.

ஊர் சிரிக்குமென்று பயந்தேன். ஊரே வந்து அழுதது.

ஆடியில் வேலை தொடங்கலாமா என்று யாராவது கேட்பதுண்டு. அவர்கள் வீட்டுச் சுவரைப் போய்த் தொட்டுப் பார்க்கிறேன்.