மாமி போட்ட குரவை

யுத்த காலத்தில் அரிசிக்குக் கூப்பன் வந்துவிட்டது. அப்போதுதான் எங்கள் படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் மத்தியானச் சோறு போடத் தொடங்கினார்கள். கதிர் பொறுக்கவும் கைப்பிள்ளை பார்க்கவும் பெட்டைகளை வீட்டில் மறித்து வைக்கிறார்கள் என்று பெரிய ரீச்சர் செய்த ஏற்பாடு அது. ஆனால் பானை ஒன்றுதான். அது கொள்ளுகிற அளவுக்குத்தான் பிள்ளைகள். ஒருத்தி பள்ளியை விட்டு நின்றால்தான் இன்னொருத்திக்கு இடம்.

எனக்கு அதில் இடம் கிடைத்தது. அடுத்த வீட்டு வளவில் இருந்து என்னோடு படித்த மச்சாளுக்குக் கிடைக்கவில்லை. அவள் அப்பாவின் தங்கை மகள். என் தாமரை இலையில் விழுகிற சோற்றில் பாதியை மடித்துக்கொண்டு நான் பூவரச மரத்தடிக்குப் போவேன். அவள் அங்கே காத்திருப்பாள்.

"பருப்பெல்லாம் நீ திண்டுபோட்டுக் கீரையை எனக்குக் கொண்டாறயாகா?"

"ஓசிச் சோத்துக்கு வாயப் பாரு. தின்னடி."

சிரித்துச் சிரித்தே தின்போம்.

அந்த மாரியில் நான் பெரிய பிள்ளையானேன். எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு பெண்பிள்ளை பள்ளிக்குப் போவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆரிட்டயும் மூச்சு விடாத புள்ள. அஞ்சாம் வகுப்பு முடியட்டும். அதுமட்டும் அங்க ஒரு நேரமாவது தின்னு."

அம்மாவுக்குச் சோறு பெரிது. எனக்கோ அப்போதுதான் எழுத்துக் கூட்டாமல் வாசிக்க வந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சாளுக்கு மட்டும் சொன்னேன். சோற்றில் பாதி கொடுத்தவளுக்கு இதை மறைக்க எனக்குத் தெரியவில்லை. "கண்ணகையம்மன் அறியச் சொல்லமாட்டன்" என்று தலையில் கை வைத்தாள்.

அடுத்த நாள் காலை தலை பின்னி, சிலேற்றும் கையுமாக வந்தேன். வேலிப் படலையில் மாமி, மச்சாளின் அம்மா, நின்றாள். என்னைக் கண்டதும் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாள். பெரிய பிள்ளையானவளுக்கு முதல் தண்ணீர் வார்க்கிறவள் மாமி. அந்த உரிமை அவளுக்கு உண்டு. ஒரு வளவில் குரவை எழும்பினால் மற்ற வளவுகளும் திருப்பிக் குரவை போடும். அன்றைக்கும் அப்படியே நடந்தது.

"என்ன மதினி, ஒளிச்சு வச்சிருக்கயள்? தண்ணி வாக்கிற மாமி நான் செத்தா போனன்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். பொய் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"இப்ப விடியத்தான் கண்டம் மதினி" என்றாள். மறுகா தானும் குரவை போட்டாள். மாமியை விடப் பலமாகப் போட்டாள்.

என்னை மூலையில் இருத்தி உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் தந்தார்கள். அப்படியொரு சாப்பாட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. பள்ளிக்கு விடச் சொல்லி அழுதேன்.

"போட்ட குரவையைத் திருப்பி விழுங்க ஏலுமா புள்ள?" என்றாள் அம்மா.

பானையில் என் இடம் மச்சாளுக்குப் போனது. ஒருநாள் அவள் கிடுகு வேலிக்கு அப்பால் வந்து நின்றாள்.

"சோத்துக்கு இடமில்லாட்டி என்னையும் பள்ளிக்கு விடாம மறிக்கப்போறன் எண்டா அம்மா. அதான் உன்ட விசயம் வாயில வந்திட்டு. பாதி கொண்டாந்திருக்கன்கா."

வேலி இடுக்கால் இலைப்பொதி வந்தது. பருப்பு வாசம் அடித்தது. கீரையைத் தனக்கு வைத்துக்கொண்டு பருப்பை எனக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

"உன்ட நாய்க்குப் போடு" என்றேன். இலையை வந்த வழியே தள்ளினேன்.

அவள் படித்தாள். பிறகு ஊர்ப் பெண்கள் கடிதம் வந்தால் அவளிடம்தான் கொண்டுபோவார்கள். நான் ஒருநாளும் போனதில்லை. கடையில் சாமான் சுற்றித் தருகிற கடதாசியை விரித்து வைத்து எழுத்துக் கூட்டினேன். இதையும் அப்படிக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

மச்சாளுக்கு ஒரு காரணம் இருந்தது. அம்மாவிடம் பின்னொரு காலத்தில் கேட்டேன், ஏன் அவ்வளவு பலமாகப் போட்டாய் என்று.

"சும்மா நிண்டா, ஒளிச்சது நான் எண்டு ஊருக்குத் தெரிஞ்சிருமே" என்றாள்.

அதைச் சொல்லும்போதும் அவள் அடுப்பைத்தான் பார்த்தாள்.