அருணாசலம் சாரின் இரண்டு சாம்பியன்கள்

மத்திகிரியில் வாடகை வீட்டில் தனியாக இருந்த அருணாசலம் சார் சென்ற புதன்கிழமை காலமாகிவிட்டார். வீட்டுக்காரர் நாகப்பா என் கடைக்குப் போன் செய்து, "உங்க டென்னிஸ் சாரு எழுந்திருக்கலீங்க" என்று மட்டும் சொன்னார். தூக்கத்திலேயே மாரடைப்பு. அண்ணன் மகன் வந்து உடலைத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோனார். ஓசூரில் அவரைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லை என்பதால் பேரிங் கடைக்காரனான நான் எழுதுகிறேன்.

சார் இங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். அதிகாரிகளுக்காகப் போட்ட டென்னிஸ் மைதானத்தில், ஜோடி கிடைக்காத ஓர் அதிகாரி கூப்பிட்டுத்தான் ஆடப் பழகினார். அந்த அதிகாரி மாற்றலாகிப் போன பிறகு சுவரோடு ஆடினார். மனைவி முன்பே தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை.

தொழிற்சாலை விருப்ப ஓய்வு அறிவித்தபோது அவரை யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே எழுதிக் கொடுத்தார். காரணம் கேட்டவர்களிடம் ஒரு டென்னிஸ் வீரரைச் சொன்னார். மரமட்டைக் காலத்து சாம்பியன். உச்சத்தில் இருந்தபோதே, இளம் வயதில், போதும் என்று ஒதுங்கியவர்.

சரக்கு ஓடும்போது கடையை மூடுகிறவனை நான் வியாபாரி என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். ஓய்வுக்குப் பிறகு மாலைகளில் டீ குடிக்க என் கடைக்கு வரத் தொடங்கிய அவரிடம் அதை முகத்துக்கு நேராகவே சொன்னேன். அந்த வருடங்களில் லண்டன் புல்தரையில் ஒரு புதிய சாம்பியன் தொடர்ந்து ஜெயிக்கத் தொடங்கியிருந்தார். நான் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். எனக்கு டென்னிஸ் தெரியாது. சாருக்கு எதிர்க்கட்சி ஒன்று வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பழையவர் கனத்த மட்டையோடு, முகத்தில் எதையும் காட்டாமல் ஆடியவர் என்பார் சார். புதியவருக்கு மட்டையும் லேசு, உதவிக்கும் ஆட்கள். "நின்னு போன வண்டிய வெச்சு வேகம் பேசறீங்க சார்" என்பேன் நான். "ஓடுத வண்டி எங்க போய் முட்டும்னு உமக்குத் தெரியுமாவே?" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் சில நாள் கடைப்பக்கம் வரவில்லை. வந்த அன்று டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தக் கதையில நான் சொல்லாத பாகம் ஒண்ணு இருக்கு, கடைக்காரரே. ஒதுங்குனவன் பல வருசம் கழிச்சுத் திரும்பி வந்தான். அதே மரமட்டையோட. மத்தவனுவ கையில எல்லாம் புது மட்டை. மொத ஆட்டத்துலயே தோத்துட்டான்."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஒப்பந்த வேலையாவது கிடைக்குமா என்று பழைய தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார். கேட்டில் இருந்தவருக்கு அவரைத் தெரியவில்லை. உள்ளே ஓர் இளைஞர் கம்ப்யூட்டர் எந்திரங்களைச் சுற்றிக் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகவே அனுப்பிவைத்தாராம்.

"நிப்பாட்டத் தெரிஞ்சுது. அதுக்குப் பொறவு சாயங்காலத்த என்ன செய்யன்னுதான் தெரியல."

அதன் பிறகு லண்டன் இறுதியாட்டத்தை ஒவ்வொரு வருடமும் அவர் வீட்டில், அவரோடு உட்கார்ந்து பார்த்தேன்.

போன வாரம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இந்தத் தடவ உம்ம ஆளு ஜெயிச்சா அங்க தொடர்ந்து அஞ்சு வருசம் ஜெயிச்ச எங்க ஆளுக்குச் சமமாயிருவான். பொறவு பேச என்ன இருக்கு? நீரு எதுக்கு இங்க வரப்போறீரு?"

வாதம் தீர்ந்தால் அந்த வீட்டுக்கு வருகிற ஒரே ஆளும் நின்றுபோவான் என்ற பயம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"சமம்னா இன்னும் முடியலன்னுதான சார் அர்த்தம்? அடுத்த வருசமும் வந்துதான ஆகணும்" என்றேன். எழுந்துபோய் எனக்கு இன்னொரு டீ போட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். நாகப்பா வீட்டை உடனே காலி செய்து வேறு ஆட்களுக்கு விடப் பார்த்தார். விடாமல் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

போய் வாருங்கள் சார். யார் ஜெயித்தாலும் உங்கள் பக்கத்தையும் சேர்த்து நானே பேசிக்கொள்கிறேன். நாகப்பாவோடு முடிவானது இதுதான்: ஞாயிறு வரை டிவியையும் இரண்டு நாற்காலிகளையும் நகர்த்தக் கூடாது, கேபிளை எடுக்கக் கூடாது, ஆட்டம் முடிந்ததும் வீட்டைப் பூட்டி, சாவியை நான் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.