மேரி அக்கா ஏறிய பஸ்

ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூர் போகும் சாலையில் ஒரு டீக்கடை முன்னால் நிற்கிறோம். இரண்டு பக்கமும் மணலும் முள்செடியும்தான். ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஏழு பேர், இரண்டு காரில் வந்திருக்கிறோம். இறங்கி எண்ணினால் ஆறு பேர்தான். எங்கள் சூப்பர்வைசர் மேரி அக்காவைக் காணோம்.

"உங்க வண்டியில இல்லையா?" என்கிறான் யூசுப்.

"உங்க வண்டியில வர்றாங்கன்னு இல்ல நெனச்சோம்."

கடைசியாக நிறுத்திய பெட்ரோல் பங்கிலேயே அவரை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். போன் பண்ணினால், எங்கள் பின்சீட்டில் கிடக்கும் அவர் கைப்பைக்குள் மணி அடிக்கிறது.

"இப்ப இன்னா பண்றது?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். யூசுப் கடைக்காரரிடம் ஆம்பூர் உருதுவில் விவரம் சொல்கிறான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க எந்த நாடு?" என்கிறார். புரிந்ததா இல்லையா, தெரியவில்லை.

காரைத் திருப்பும் நேரத்தில், நாங்கள் வந்த பக்கத்திலிருந்தே ஒரு பஸ் வருகிறது. கடைக்காரர் ஓடிப்போய்க் கைகாட்டி நிறுத்துகிறார். உள்ளே கல்யாணக் கூட்டம். ஜன்னலோரம் மேரி அக்கா, மடியில் யாருடைய குழந்தையோ.

"தப்பா நெனைக்காதீங்கக்கா, எறங்குங்க" என்கிறேன்.

"பையை மட்டும் குடு. நான் இவங்களோடயே வர்றேன்."

கோபமா, சந்தோஷமா? முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. பஸ் பின்னாலேயே போகிறோம்.

ஜோத்பூர் கடைத்தெருவில் கூட்டம் மேளத்தோடு இறங்குகிறது. நடுவில் மேரி அக்கா ஆடுகிறார். பக்கத்தில் போகலாமா, வேண்டாமா என்று தெரியாமல் காரிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.